கேற்றடியில் நின்று பார்த்த இலை

என் தொலைபேசிக்கு இன்னும் இலைகள் வந்துகொண்டிருக்கின்றன. ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் விடுவதாக இல்லை. கத்தரி இலை, மிளகாய் இலை, எல்லாவற்றையும் விட அதிகமாகத் தக்காளி இலை. உள்ளங்கையில் வைத்து, குசினி அடுப்படி வெளிச்சத்தில், பாதி மங்கலாக எடுத்த ஒரு படம். அதன் கீழே ஒரே கேள்வி: "சேர், இது என்ன வருத்தம்?" விவசாயப் போதனாசிரியர்களாகப் புதிதாகக் கடமைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் இப்படி வரும். நீங்கள் கெட்டிக்காரர்கள், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி ஆறுவதற்குள் பதில் போட்டுவிடுவீர்கள். நானும் அப்படிப் பதில் போட்ட ஆள்தான். இப்போது எந்தப் படம் வந்தாலும் பதிலுக்கு நாலு கேள்வி அனுப்புகிறேன். அதனால் சேருக்கு வயது போய்விட்டது, படித்ததெல்லாம் மறந்துவிட்டது என்று கல்முனையில் ஒரு கதை உலாவுகிறதாம். உலாவட்டும்.

மஞ்சள் இலையைப் பற்றி உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். அடி இலை முழுவதும் வெளிறினால் தழைச்சத்துப் போதாது. நரம்பு பச்சையாக நிற்க இடைவெளி மட்டும் மஞ்சளித்தால், அது அடி இலையா கொழுந்தா என்று பார்த்து மக்னீசியமா இரும்பா என்று சொல்ல வேண்டும். மஞ்சளுக்கு நடுவே வட்ட வட்டமாகக் கருகியிருந்தால் பங்கசு, அதாவது பூஞ்சணம். கொழுந்து சிறுத்து, மேல்நோக்கிச் சுருண்டு, ஓரம் மஞ்சளித்தால் வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருள் நோய். எல்லாம் சரிதான், பரீட்சைக்குப் போதும். ஆனால் தக்காளி வாயில்லாச் சீவன். தண்ணீர் குறைந்தாலும் மஞ்சளிக்கும், கூடினாலும் மஞ்சளிக்கும், கிணற்றில் உப்பு ஏறினாலும் மஞ்சளிக்கும், சும்மா வயது போனாலும் மஞ்சளிக்கும். அதனிடம் வேறு பாஷை இல்லை.

எனக்கு வேலை பழக்கிய அதிகாரி ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் செடியைப் பார்க்கமாட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்பார். எங்கள் கரையோர ஊர்களில் ஒரு வளவில் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும், மதிலுக்கு அந்தப் பக்கம் உப்புக் கரிக்கும். தண்ணீர் வரும்வரை வளவைச் சுற்றி ஒரு நடை நடப்பார். எந்தப் பக்கம் வெயில் விழுகிறது, குளிக்கிற தண்ணீர் எங்கே ஓடுகிறது, மீன் கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுகிறார்கள் என்று எல்லாம் கண்ணால் பொறுக்கிக்கொண்டுதான் செடிக்குப் பக்கத்தில் வருவார். இந்தக் கதையை நான் எத்தனையோ கூட்டங்களில் பெருமையாகச் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். செய்ய வேண்டிய ஒரு நாளில் செய்யவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பசளையும் மருந்தும் கடைகளில் கிடைக்காமல் சனம் அலைந்த காலம் அது. மரக்கறி விலை ஏறிப்போனதால் வீட்டுக்கு வீடு தோட்டம் போடச் சொன்னார்கள். சாய்ந்தமருதில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. கையகல வளவில், உரப்பையில், உடைந்த வாளியில், மீன் பெட்டியில் என்று கிடைத்த இடத்திலெல்லாம் சனம் தக்காளி நட்டது. அந்தப் பகுதிக்கு நான் போதனாசிரியர். நாற்றும் நான்தான் கொடுத்தேன்.

கச்சான் காற்று தொடங்கியது. அந்த வறண்ட சுடுகாற்றோடு வெள்ளை ஈயும் வந்தது. மூன்று நாலு ஒழுங்கைச் சந்துகளில் இலைச்சுருள் நோய் கண்டது. அடிப்பதற்கு மருந்து கிடையாது. நோய் வந்த செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. "சுருண்டால் பிடுங்கு, பிடுங்கினால் எரி" என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன். சின்னப் பிள்ளைகள்கூட அதைப் பாட்டாகப் பாடினார்கள். அது என் காதுக்கு இனிப்பாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த நாட்களில்தான் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். தன் பக்கத்து வளவில் தக்காளி மஞ்சளித்துப்போய் நிற்கிறது, மதிலால் எட்டிப் பார்த்தால் தெரிகிறது, தன் செடிக்கும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றார். "ஆனா அந்த வீட்டுல நாங்க ஒண்டும் கதைக்க ஏலாது சேர்" என்றார். "அவட மாப்பிள்ள இப்பதான் மௌத்தாகின. அவ இத்தாவில இரிக்கா."

உங்களில் வெளியூர்ப் பிள்ளைகளும் இருப்பதால் சொல்கிறேன். முஸ்லிம் வீடுகளில் கணவனை இழந்த பெண் சில மாதங்கள் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பார். அதுதான் இத்தா. நான் கிறிஸ்தவன், கல்முனை மெதடிஸ்த கோயில்காரன். முஸ்லிம் ஊர்களில் வேலை செய்தே தலை நரைத்தவன். அவர்களுடைய ஒழுங்கு எனக்குத் தெரியும், அதை மதிக்கவும் தெரியும் என்பதில் எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது. தெரிந்தது அரைகுறை என்பது பிறகுதான் விளங்கியது.

மறுநாள் காலையில் அந்த ஒழுங்கைக்குப் போனேன். என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த அக்கரைப்பற்றுப் பெண்பிள்ளையும் தன் ஸ்கூட்டியில் வந்தார். கேற்றடியில் நின்று மணியடித்தேன். அந்தப் பெண்ணின் தமையன் வெளியே வந்தார். நல்ல மனிதர், தங்கைக்குத் துணையாக அந்த வீட்டில் தங்கியிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஓம் சேர், நாங்களும் பாத்தம். மஞ்சளிச்சுச் சுருளுது. மச்சான் மௌத்தாகுறதுக்குக் கொஞ்சம் முந்தி அவர்ர கையால நட்டது. நல்லா வந்த செடி" என்றார்.

மச்சான் என்று அவர் சொன்னது தங்கையின் கணவரை. படகு எஞ்சின் திருத்துகிறவர். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்கு வெளிக்கிடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, அப்படியே போய்விட்டவர்.

"ஒரு இலையக் கொண்டு வாங்க, பாப்பம்" என்றேன்.

அவர் உள்ளே திரும்பியபோது என் பக்கத்தில் நின்ற பிள்ளை மெதுவாகக் கேட்டார். "சேர், நான் உள்ளுக்குப் போய் ஒருக்காப் பாத்திட்டு வரட்டா? பொம்புளதானே, பிரச்சினையில்ல."

"ஒரு இலையப் பாக்க ரெண்டு பேர் என்னத்துக்குப் பிள்ளை? வெயில் ஏறுது. இன்னும் ரெண்டு வீடு கிடக்கு."

அந்தப் பிள்ளை ஸ்கூட்டி பக்கம் போய்விட்டார். இப்போது அவர் உங்களைப் போன்றவர்களுக்குப் பொறுப்பதிகாரியாக இருக்கிறார். அவருக்கு இந்தப் பதில் நினைவிருக்குமோ தெரியாது. எனக்கு இருக்கிறது.

தமையன் இலையோடு வந்தார். மஞ்சள். ஓரம் மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. கையில் வாங்கித் திருப்பினேன். அந்தக் கிழமை முழுவதும் நான் பார்த்த இலை மாதிரித்தான் இருந்தது. வெள்ளை ஈ இருக்கிறதா என்று அடிப்புறத்தைப் பார்த்தேன், இல்லை. பறிக்கும்போது பறந்திருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொன்னேன். இந்த இலையைச் செடியின் மேலே பறித்தீர்களா, கீழே பறித்தீர்களா என்று கேட்கவில்லை. ஒரு வரிக் கேள்வி. முதல் வருடப் பிள்ளைகூடக் கேட்கும்.

"இது அந்த நோய்தான். எல்லாத்தையும் புடுங்கி எரிச்சுப் போடுங்க" என்றேன்.

அவர் முகம் வாடியது. "குலை குலையாக் காய்ச்சு நிக்கிது சேர். பழுக்க இன்னும் கொஞ்ச நாள்தான். அந்தக் காயையாவது..."

"காயோட சேத்து எரிங்க. ஆருக்கும் குடுத்துப் போடாதீங்க."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இலைச்சுருள் நோய் காயால் பரவாது. நோய் வந்த செடியின் காயை மனிதர் தின்னலாம், ஒரு கெடுதியும் இல்லை. பச்சைத் தக்காளியில் பால்கறி வைக்கிற ஊர் எங்களுடையது. காயைப் பறித்துவிட்டுச் செடியை எரியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அது எனக்கு அன்றைக்கே தெரியும். பிறகு படித்து அறிந்ததல்ல. ஆனாலும் ஏன் அப்படிச் சொன்னேன்? காய்க்கு இடம் கொடுத்தால் பழுக்கட்டும், இன்னும் இரண்டு நாள் நிற்கட்டும் என்று இழுப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரி மறுபடியும் தொலைபேசி எடுப்பார் என்று நினைத்தேன். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னால் சனம் கேட்கும். அப்படிச் சொல்லிச் சொல்லி எனக்கு ஓர் அதிகாரத் தொண்டை வந்துவிட்டது. அந்தத் தொண்டை உங்களுக்கும் வரும், கவனம்.

அன்றைக்குப் பின்னேரமே எரித்துவிட்டதாகத் தமையன் தகவல் அனுப்பினார். பக்கத்து வீட்டுக்காரி நன்றி சொன்னார். அவருடைய செடிக்கு ஒன்றும் வரவில்லை. என் வைத்தியம் வேலை செய்தது என்று நான் அறிக்கை எழுதினேன்.

மாதங்கள் கழிந்தன. வேறு ஒரு வேலையாக அதே ஒழுங்கையால் போகும்போது தமையன் என்னைக் கண்டு கூப்பிட்டார். "தங்கச்சிர இத்தா முடிஞ்சிட்டு சேர். அந்தப் பாத்தியில திரும்ப என்னமும் நடலாமா எண்டு கேக்கா. உள்ளுக்கு வந்து பாருங்க."

முதல் தடவையாக அந்த வளவுக்குள் போனேன்.

பாத்தி வீட்டின் பக்கவாட்டில் இருந்தது. இறந்தவர் வேலை தெரிந்தவர் என்பது பார்த்ததும் தெரிந்தது. கடற்கரை மணலில் தண்ணீர் நிற்காது என்பதால், வயற்பக்கமிருந்து களிமண் ஏற்றி வந்து, அடியில் பொலித்தீன் விரித்து, சுற்றிவரச் சீமெந்துக் கல் அடுக்கிச் செய்திருந்தார். பாத்தியின் தலைமாட்டில் ஒரு தண்ணீர்ப் பைப். பைப்படியின் சரிவு நேரே பாத்திக்குள் இறங்கியது. மண்ணுக்குள் விரலை விட்டேன். கருஞ்சேறு. மணந்து பார்த்தேன், அழுகல் வாடை. பைப் அப்போதும் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது.

"இந்தப் பைப்ப நிறைய ஆக்கள் பாவிக்கிறதா?" என்று கேட்டேன்.

"இப்ப இல்ல சேர். மச்சான் மௌத்தான நேரம்தான். ஓத வந்த சனமெல்லாம் இதிலதான் ஒளு எடுத்த. விடிஞ்சா பொழுதுபட்டா ஆக்கள்தானே. நாப்பது கத்தம் முடியிற வரைக்கும் இந்தப் பைப் பூட்டுப்பட்டதே இல்ல."

தொழுகைக்கும் ஓதலுக்கும் முன் கை, முகம், கால் கழுவுவது ஒளு; இறந்தவருக்காக நாற்பதாம் நாள் ஓதி முடிப்பது நாற்பது கத்தம். இறந்தவருக்காக ஓத வந்த ஊர் முழுவதும் கால் கழுவிய தண்ணீர் அவர் நட்ட செடிகளின் வேரில் போய்த் தேங்கியிருக்கிறது. அடியில் பொலித்தீன் இருந்தபடியால் அது போக வழியில்லை. வேர் மூச்சு முட்டியதும் அடி இலை மஞ்சளித்து, கச்சான் காற்றுக்குச் சுருண்டும் விட்டது.

"அண்டைக்கு நீங்க கொண்டு வந்த இலை... மேலயா, கீழயா பறிச்ச?"

"கீழதான் சேர். குனிஞ்சு எடுத்தன். மேல கொழுந்தெல்லாம் நல்ல பச்சையாத்தான் நிண்ட."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த வாரம் கல்லில் இரண்டை எடுத்துவிட்டு, பைப்படித் தண்ணீருக்கு ஒரு வாய்க்கால் கீறி, மஞ்சளித்த அடி இலைகளைக் கிள்ளி எறிந்திருந்தால் போதும். பாத்தி காய்ந்து செடி தேறியிருக்கும். பத்து நிமிட வேலை. என்னைச் சுட்டது இன்னொன்று. இத்தா வீடு, ஆண்கள் உள்ளே போகக்கூடாது என்று நான் கேற்றடியில் மரியாதையாக நின்றேன் அல்லவா? ஊரின் ஆண்களெல்லாம் இந்தப் பைப்படிக்கு வந்து போயிருக்கிறார்கள். அந்தப் பெண் அறைக்குள் இருந்திருக்கிறார், அவ்வளவுதான். தமையனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கூட்டிக்கொண்டு போயிருப்பார். மரியாதை என்று நான் பேர் வைத்தது என் அவசரத்துக்கும் சோம்பலுக்கும்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பீர்கள். சறுக்கட்டும். பிழையான கணிப்பு நம் தொழிலில் எல்லோருக்கும் வரும். அதை எழுதி வைத்து அடுத்தவருக்குப் படிப்பிக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேற்றடியில் நிற்காதீர்கள். உங்களால் போக முடியாத இடத்துக்குப் போகக்கூடியவர் பக்கத்தில் நின்றால் அவரை அனுப்புங்கள். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள். ஒரு செடியைப் பிடுங்கச் சொல்லுமுன் அதை யார் நட்டார் என்று கேளுங்கள். இவையெல்லாம் நான் சொல்லக்கூடிய புத்திகள். இனிச் சொல்லப்போகும் சம்பவத்தில் புத்தி ஒன்றும் இல்லை. அதை இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. பிறகு அந்த வீட்டுக்குப் போய்ச் சரிசெய்யவும் இல்லை. இதை எழுதி முடித்ததும் போவேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. என்னை எனக்குத் தெரிந்தபடியால் எழுதவில்லை.

அன்றைக்கு நான் பாத்தியருகே கையில் சேறோடு நிற்கும்போது அந்தப் பெண் குசினி வாசலில் வந்து நின்றார். முக்காட்டை இழுத்துப் பிடித்திருந்தார். நாற்பது வயதுகூட இருக்காது. கணவர் போய் இத்தனை மாதத்தில் கண் உள்ளே போயிருந்தது.

"சேர், ஒண்டு கேக்கணும்" என்றார்.

"கேளுங்க தங்கச்சி."

"அந்தக் காயையாவது ஆருக்கும் குடுத்திரிக்கலாமா?"

எனக்கு உடனே விளங்கவில்லை. அவரே சொன்னார்.

"அவர் கையால நட்டது சேர். ஒரு மனிசன் நட்டதில ஆரும் திண்டா, ஒரு குருவி கொத்தித் திண்டாக்கூட, நட்டவருக்கு அது சதக்காவாப் போய்ச் சேரும் எண்டு நாங்க நம்புறது. அவர் விட்டிட்டுப் போனது அது ஒண்டுதான். புள்ள குட்டியும் இல்ல. அடுத்த வீட்டுக்கு ரெண்டு காயாவது குடுத்திருந்தா... நாங்க எல்லாத்தையும் நெருப்பில போட்டிட்டம். ஒரு காய் ஒருத்தரும் தின்னல்ல. இத்தா முழுக்க எனக்கு அந்த யோசினைதான். நான் அவசரப்பட்டிட்டனோ, அவருக்குப் போக வேண்டியத நான் எரிச்சிட்டனோ எண்டு."

சதக்கா என்றால் தருமம். இறந்த மனிதருக்கு இந்த உலகத்திலிருந்து போய்ச் சேரக்கூடியதாக அவர் மனைவி நம்பியிருந்த ஒரே தருமம், அந்தப் பச்சைக் காய்கள். அவற்றை நெருப்பில் போடச் சொன்னவன் நான். என்னைக் கேட்கிறார், குற்றம் தன்னுடையதா என்று.

சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: குடுத்திருக்கலாம் தங்கச்சி. செடிக்கு நோயே இல்லை. நோய் இருந்திருந்தாலும் குடுத்திருக்கலாம். பிழை உங்களுடையது இல்லை, என்னுடையது. நாக்கு நுனிவரை வந்தது. தமையன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நாளைக்கு இந்த ஒழுங்கை முழுவதும் இந்தக் கதை போகும், சேர் பார்க்காமலே எரிக்கச் சொன்னவராம் என்று. என் ஓய்வுக்கும் அதிக காலம் இருக்கவில்லை.

"இல்ல தங்கச்சி" என்றேன். "நோய்க் காய். ஆருக்கும் குடுத்திருக்கக் கூடாது. நீங்க செஞ்சது சரிதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவர் நம்பினார். அவர் மனம் ஆறட்டும் என்றுதான் சொன்னேன் என்று பிறகு பல நாள் எனக்கு நானே கதை சொல்லிப் பார்த்தேன். அது பொய். அவருடைய மனம் ஆறுவதற்கு உண்மையே போதுமாக இருந்தது. உண்மை அவரைக் குற்றத்திலிருந்து விடுவித்திருக்கும், என்னைத்தான் பிடித்திருக்கும். பொய்யும் அவரை விடுவித்தது. ஆனால் தன் கணவர் விட்டுப்போனது ஒருவருக்கும் ஆகாத நோய்க் காய் என்று அவரை நம்ப வைத்துத்தான் விடுவித்தது.

அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். தோளிலிருந்து ஏதோ இறங்கியது போல ஒரு பெருமூச்சு விட்டார்.

"அப்ப சரி சேர். அல்ஹம்துலில்லாஹ். இவ்வளவு நாளும் மனசுக்குள்ள கெடந்து அரிச்ச. நீங்க படிச்ச மனிசர் சொன்னாப் பிறகு எனக்கு நிம்மதி."

பிறகு இரண்டு கைகளையும் கொஞ்சம் உயர்த்தி, எனக்காக துஆ கேட்டார். வெயிலில் அலைந்து எங்களுக்காகப் பாடுபடுகிற மனிசர், அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் இறைவன் நல்லதைக் கொடுக்கட்டும் என்று. தமையன் "ஆமீன்" என்றார். சொல்லிவிட்டு, நானும் சொல்வேன் என்பது போல என்னைப் பார்த்தார். எங்கள் கோயிலிலும் ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் சொல்லுகிற சொல்தான் அது. நான் குனிந்து கையிலிருந்த சேற்றை அந்தப் பைப்பில் கழுவிக்கொண்டிருந்தேன்.